போன எபிசோடில் ஒரு தப்பு: இசபெல்லாவும் செம்பியன் மாதேவியும்



இந்த வாரம் புது லேப்டாப் ரிவ்யூ கிடையாது. அதுக்கு முன்னாடி ஒரு தப்பை ஒத்துக்கணும்.

மூணு வாரத்துக்கு முன்னால் 'அசாசின்ஸ் கிரீட்' கேம்கள் வரலாற்றை எப்படிக் கையாளுகின்றன என்று ஒரு எபிசோட் போட்டோம், ஞாபகம் இருக்கும். பேச்சுவாக்கில் நான் ஒண்ணு சொன்னேன்: "நம்ம சோழர் வரலாற்றுலயும் இதே மாதிரி இருக்கு. உத்தம சோழர் பிறந்தப்பவே குழந்தை மாறிப்போச்சு. அந்த ரகசியம் அவங்க அம்மா செம்பியன் மாதேவிக்குத் தெரியும்." ரொம்பத் தெரிஞ்சவன் மாதிரி சொன்னேன். எடிட் பண்ணும்போதுகூட உறுத்தவில்லை.

போன சனிக்கிழமை அக்கா பொண்ணுக்குத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி. பன்னிரண்டு வயசு. தலைப்பு, 'நான் போற்றும் தமிழ்ப் பெண்'. அவள் எடுத்துக்கொண்டது செம்பியன் மாதேவியை. நான் பின்வரிசையில் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தை மாறிய கதையை அவள் அப்படியே சொன்னாள், நான் சொன்ன அதே தோரணையில். பேசி முடித்ததும் நடுவராக இருந்த வயதான டீச்சர் ஒருவர், "நல்லாப் பேசினேம்மா. இதை எங்க படிச்சே?" என்று கேட்டார். "எங்க மாமா பாட்காஸ்ட்ல சொன்னாங்க" என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டே, "அது கல்கி எழுதின கதைம்மா" என்றார்.

பெண்டில் ஹில் வரும்வரை காரில் யாரும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்டாள்: "மாமா, நீங்க செக் பண்ணலையா?"

பண்ணவில்லை. இந்தக் கடிதம் அதற்குத்தான். தப்பைத் திருத்துவதோடு, அந்தத் தப்பு எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்பதையும் எழுத வேண்டும் போல இருக்கிறது. ஏன்னா உங்களுக்கும் அது வரும்.

முதலில் ஸ்பெயின் ராணி. 2009-ல் நான் யூனியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் நிண்டெண்டோ டிஎஸ்ஸில் 'அசாசின்ஸ் கிரீட் டூ: டிஸ்கவரி' வந்தது. ரெட்ஃபர்ன் போகும் ரயிலில் விளையாடியே முடித்தேன். கதை நடப்பது 1491-ல், ஸ்பெயினில். ராணி இசபெல்லா வருவார், மதவிசாரணைத் தலைவர் டோர்கெமாடா வருவார், கொலம்பஸும் வருவார். ஒரு பக்கம் அசாசின்கள், இன்னொரு பக்கம் டெம்ப்ளர்கள். ஊரில் நடக்கும் அத்தனை கொடுமைக்கும் பின்னால் டெம்ப்ளர்களின் கை இருக்கும். 2016-ல் வந்த சினிமாவும் இதே காலத்தைத்தான் எடுத்துக்கொண்டது; அதிலும் டோர்கெமாடா டெம்ப்ளர்களின் ஆள்.

கதையாக நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிஜத்தில் என்ன நடந்தது? மதவிசாரணை மன்றத்துக்கு 1478-ல் போப் ஆணை கொடுத்தார். அதைக் கேட்டு வாங்கியது இசபெல்லாவும் அவர் கணவர் ஃபெர்டினாண்டும். 1492 ஜனவரியில் கிரனடா சரணடைந்தது. அதே வருஷம் மார்ச் 31-ஆம் தேதி, மதம் மாறாத யூதர்கள் எல்லோரும் நாலு மாதத்துக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதில் இருப்பது ராணியின் பெயரும் ராஜாவின் பெயரும். எந்த ரகசியச் சங்கமும் இல்லை. பக்தியுள்ள ஒரு ராணி, பக்தி என்று தான் நம்பியதைப் பட்டப்பகலில் கையெழுத்துப் போட்டுச் செய்தார். இன்றைக்கும் அவரைப் புனிதராக அறிவிக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் வம்சமும் இருக்கிறது.

இதில் நடுவே ஒரு ரகசியச் சங்கத்தைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? பழி டெம்ப்ளர்கள் கணக்கில் போய்விடும். ராணி பாவம், சுற்றி இருந்தவர்கள் ஏமாற்றினார்கள் என்று ஆகிவிடும். பத்தொன்பது வயசில் எனக்கு அது உறைக்கவே இல்லை. அடுத்த லெவல் எப்போ வரும் என்பதுதான் கவலை.

இப்போ நம்ம ராணி.

கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதியது 1950 முதல் 1954 வரை, வாராவாரம் தொடராக. எங்கள் வீட்டில் அம்மா கும்பகோணத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்த ஐந்து பாகங்களும் இருக்கின்றன, அட்டை பிய்ந்து, டேப் ஒட்டி. அதை இப்போது கேம் விளையாடியவன் கண்ணோடு பாருங்கள். இரண்டு ரகசியக் கூட்டங்கள். ஒன்று, பழுவேட்டரையரும் சம்புவரையரும் கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடி, மதுராந்தகனை அரியணை ஏற்றத் திட்டம் போடுகிற கூட்டம். இன்னொன்று, ரவிதாசன் தலைமையில் சோழ வம்சத்தையே பழிவாங்கச் சபதம் எடுத்த பாண்டிய ஆபத்துதவிகள். இரண்டுக்கும் நடுவே திருநீறு பூசி, சிவன் கோயில் வேலையே கதியென்று இருக்கும் ஒரு விதவை ராணி. அவர் மனசுக்குள்ளே ஒரு பெரிய ரகசியம்: மதுராந்தகன் தான் பெற்ற பிள்ளை இல்லை.

பிரமாதமான கதை. யாராவது குறை சொன்னால் அம்மா சண்டைக்கு வருவார். கல்கி கவனமாகவும் எழுதியிருக்கிறார். கடைசியில் உத்தம சோழராக முடிசூடுகிறவர் ராணி நிஜமாகப் பெற்ற பிள்ளையான சேந்தன் அமுதன். அதாவது கல்வெட்டில் இருக்கிற உறவை அவர் கலைக்கவில்லை, அதைச் சுற்றி ஒரு கதை பின்னினார். நான்தான் கதையை எடுத்து வரலாறு என்று ஒலிபரப்பினேன்.

கல்வெட்டு என்ன சொல்கிறது? செம்பியன் மாதேவி மழவர் குலத்துப் பெண், கண்டராதித்த சோழரின் மனைவி. கண்டராதித்தர் ராஜா மட்டும் இல்லை. அவர் பாடிய திருவிசைப்பா இன்றும் ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அவர் காலமானது 957 வாக்கில். அதன் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த அம்மா வாழ்ந்திருக்கிறார். கணவர், அரிஞ்சயர், சுந்தர சோழர், மகன் உத்தமர், ராஜராஜன் என்று ஐந்து பேருடைய ஆட்சியைப் பார்த்தவர். கல்வெட்டுகளில் அவரை எப்படி அடையாளம் சொல்கிறார்கள் தெரியுமா? உத்தம சோழ தேவரைத் 'திருவயிறு வாய்த்த' பிராட்டியார். தன் வயிற்றில் பெற்றவர் என்று அர்த்தம். நான் மைக் முன்னால் எதை மர்மம் என்று சொன்னேனோ, அதை அவர் காலத்திலேயே கல்லில் வெட்டி, யாரும் படிக்கும்படி கோயில் சுவரில் வைத்திருக்கிறார்கள்.

அந்த நாற்பது வருஷத்தில் அவர் செய்த வேலை, செங்கல்லில் இருந்த பழைய சிவன் கோயில்களைக் கல்லில் எடுத்துக் கட்டியது. கோனேரிராஜபுரம், ஆடுதுறை, குத்தாலம், திருக்கோடிக்காவல், விருத்தாசலம் என்று ஒரு வரிசையே உண்டு. கோனேரிராஜபுரத்தில் கோயிலைக் கணவர் பெயரில் கட்டி, அவர் லிங்கத்தைக் கும்பிடுவது போல ஒரு சிற்பமும் வைத்து, இன்னார் என்று எழுதியும் வைத்தார்.

இதில் திருக்கோடிக்காவல் கதையைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். அதைச் சொல்வதற்கு முன்னால் என் வேலைக் கதை ஒன்று.

சில வருஷம் முன்னால் மெல்பர்னில் ஒரு நிறுவனத்துக்கு கான்ட்ராக்டில் போனேன். பழைய சிஸ்டத்திலிருந்து புது டேட்டாபேஸுக்கு மைக்ரேஷன். வெள்ளி ராத்திரி ஆரம்பித்து திங்கள் காலைக்குள் முடிக்கணும். முடித்தோம், எல்லோரும் கைதட்டினார்கள். மூணு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் தகராறு. இந்தப் பதிவை யார், எப்போது போட்டது என்று கேட்டார்கள். திறந்து பார்த்தால் பதினோரு வருஷத்துப் பதிவுகள் அத்தனையிலும் ஒரே தேதி, ஒரே பெயர்: 'மைக்ரேஷன் யூசர்'. தகவல் எல்லாம் பத்திரமாக வந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் போய்விட்டது. பழைய சர்வரையும் அதற்குள் அழித்தாயிற்று. அந்த ஸ்கிரிப்டை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

இப்போ திருக்கோடிக்காவல். அங்கே ராணி பழைய கோயிலைப் பிரித்துக் கல்லில் கட்டும்போது, அங்கே கிடந்த பழைய கல்வெட்டுகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்திருக்கிறது. பல்லவர் காலத்துக் கொடைகள் உட்பட பல. இன்ன நிலம், இன்ன விளக்குக்கு இவ்வளவு என்று யாரோ, எப்போதோ கொடுத்த தர்மங்கள். அவற்றை அப்படியே புதுச் சுவரில் திருப்பி வெட்டச் செய்தார். அதோடு விடவில்லை. இது 'பழங்கற்படி', அதாவது பழைய கல்லில் இருந்ததன் நகல் என்றும் எழுதச் செய்தார். பழைய ராஜா பெயர், பழைய ஆட்சியாண்டு, கொடுத்தவர் பெயர் எல்லாம் அப்படியே. தன் பெயரைப் போட்டு எல்லாம் நான் கொடுத்தது என்று ஆக்கிக்கொள்ளவில்லை.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு மைக்ரேஷன். மூலம் எது, நகல் எது என்று குறித்துவிட்டுத்தான் பழைய சிஸ்டத்தை மூடியிருக்கிறார்கள். மெல்பர்னில் ஒரு டீமே சேர்ந்து கோட்டைவிட்டதை அவர்கள் உளியால் சரியாகச் செய்தார்கள்.

என் கருத்து இதுதான். ரகசியச் சங்கக் கதைகள் இரண்டு ராணிகளுக்கும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: அவர்கள் வெளிப்படையாகச் செய்ததை நம் கண்ணிலிருந்து எடுத்துவிடுகின்றன. இசபெல்லாவுக்கு அது லாபம், அவர் உத்தரவின் பாரம் குறைந்துவிடுகிறது. செம்பியன் மாதேவிக்கு நஷ்டம், அவர் உழைப்பு காணாமல் போகிறது. நாற்பது வருஷம் கல் கொண்டுவந்து, சிற்பி பிடித்து, நிலம் வாங்கி, கணக்கு எழுதிய ஒரு நிர்வாகியை, ஒரு ரகசியத்தை நெஞ்சில் சுமந்து கண்ணீர் விடும் அம்மாவாக மட்டும் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

"சும்மா விடுடா, கல்கி இல்லேன்னா உனக்கு அந்தப் பேரே தெரிஞ்சிருக்காது" என்றார் அம்மா. உண்மை. 2022-லும் 2023-லும் மணிரத்னம் படம் வந்தபோது இங்கே தியேட்டரில் விசில் அடித்தவர்களில் பாதிப் பேர் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள். நாவல் பக்கம் போக முடியாதவர்கள். அவர்களுக்குச் சோழர் வாசலைத் திறந்தது கதைதான், எனக்கும் அப்படியே. அதனால் கேமை அழியுங்கள், நாவலை மூடுங்கள் என்றெல்லாம் சொல்லவில்லை. வாசலிலேயே நின்றுவிட வேண்டாம் என்கிறேன்.

இன்னொரு நியாயமான கேள்வி: நிஜமாகவே சதி நடக்கவில்லையா? நடந்தது. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது கதை இல்லை. ஆனால் அது நமக்கு எப்படித் தெரியும்? காட்டுமன்னார்கோயில் உடையார்குடி கோயில் கல்வெட்டிலிருந்து. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கொலைக்குக் காரணமான துரோகிகளுடைய சொந்தக்காரர்களின் நிலத்தையும் பறிமுதல் செய்யச் சொன்ன உத்தரவு அதில் இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்களும் இருக்கின்றன. கல்கியின் ரவிதாசன் மந்திரவாதி. கல்வெட்டில் இருக்கிற ரவிதாசன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம் வாங்கிய அதிகாரி. இருட்டில் நடந்த சதிக்கும் நமக்கு மிஞ்சிய ஆதாரம் ஒரு நில ஆவணம்தான்.

கல்வெட்டு முழு உண்மை என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அது பணமும் பதவியும் இருந்தவர்கள் வெட்ட வைத்தது. கல் சுமந்தவரின் பெயர் அதில் இருக்காது. அதுவும் ஒரு தரப்பின் லாக் ஃபைல்தான். ஆனால் யார் எழுதியது என்று தெரிகிற லாக் ஃபைல்.

இதெல்லாம் ஊர்க் கதை, சிட்னியில் உட்கார்ந்திருக்கிற நமக்கென்ன என்று தோன்றினால் இதையும் கேளுங்கள். மேலே விருத்தாசலம் என்று எழுதினேன் இல்லையா, செம்பியன் மாதேவி கல்லில் கட்டிய விருத்தகிரீஸ்வரர் கோயில். அந்தக் கோயில் மாடத்தில் இருந்த அர்த்தநாரீஸ்வரர் சிலை 2004 முதல் நம்ம நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருந்தது. டொமைன் பார்க் பக்கத்தில், எல்லோரும் ஸ்கூல் எக்ஸ்கர்ஷன் போவோமே, அங்கேதான். விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். கூடவே அவர் கொடுத்த உரிமைத் தாள்கள் பொய். அந்தச் சிலை ராணியே வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் காலத்துக்குப் பிந்தையது என்றுதான் கலைக்கூடம் குறித்திருந்தது. ஒரு தடவை சூடு பட்டாச்சு.

அந்தப் பொய் எப்படி உடைந்தது? புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருஷத்துக்கு முன்னால் கோயில் கோயிலாகப் போய் எடுத்துவைத்த புகைப்படங்கள் இருக்கின்றன. அதில் அந்த மாடமும் அந்தச் சிலையும் தெளிவாகத் தெரிந்தன. 2014 செப்டம்பரில் அன்றைய பிரதமர் டோனி அபோட் டெல்லிக்குப் போனபோது, இந்த அர்த்தநாரியும், கான்பராவில் இருந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரும் திரும்பக் கொடுக்கப்பட்டார்கள்.

இங்கே நிஜமாகவே ஒரு ரகசிய வலை இருந்தது: திருடன், கடத்தல்காரன், வியாபாரி, பொய் ரசீது. அதைத் தோற்கடித்தது இன்னொரு ரகசியச் சங்கம் இல்லை. யாரோ ஒருவர் பொறுமையாக எடுத்து, இடம் பெயர் எழுதி, அலமாரியில் வைத்த ஒரு புகைப்படம்.

இது எழுதும்போது ஒரு சாட்பாட்டிடம் செம்பியன் மாதேவியைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். இரண்டாவது பத்தியிலேயே குழந்தை மாறிய கதை வந்தது, வரலாறு என்ற பெயரில். அதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் மைக்கில் செய்ததும் அதேதான்: எங்கேயோ கேட்டதை, எங்கே கேட்டேன் என்பதை உதிர்த்துவிட்டு, தெரிந்த மாதிரி சொன்னேன். எல்லாப் பதிவிலும் 'மைக்ரேஷன் யூசர்'.

இரண்டு காரியம் செய்திருக்கிறேன். அந்த எபிசோடை எடுக்கவில்லை, ஆடியோவை வெட்டவும் இல்லை. பழைய கல்லை மறைத்தால் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று ஆகிவிடும். எபிசோட் குறிப்பின் மேலேயே எழுதியிருக்கிறேன்: இருபத்தேழாவது நிமிடத்தில் நான் சொல்வது கல்கியின் நாவலிலிருந்து, கல்வெட்டு சொல்வது வேறு. உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்து எந்த வரலாற்றுக் கதையை யாருக்கு அனுப்பினாலும், "இது நாவல்ல படிச்சது", "இது கேம்ல வந்தது", "இது தாத்தா சொன்னது" என்று ஒரு வார்த்தை சேர்த்து அனுப்புங்கள்.

இரண்டாவது, அக்கா பொண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த டெர்மில் அதே தலைப்பில் திரும்பப் பேசப் போகிறாளாம். இந்தத் தடவை திருக்கோடிக்காவலில் ஆரம்பிக்கப் போகிறாளாம். எழுதியதை என்னிடம் காட்டினாள். பேச்சின் கடைசியில், எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. அதில் என் பெயரைத் தேடினேன்.

"உங்களைப் போடலை மாமா. செக் பண்ணிட்டுப் போடறேன்" என்றாள்.

அடுத்த வாரம் வழக்கம் போல லேப்டாப்.